அப்பத்தா கண்ணைச் சிமிட்டினா ஆமாமா?



இந்த மாதம் சுவர் இதழில் அறிவியல் பகுதி எனக்கு வந்திருக்கிறது. போன தடவை வால் நட்சத்திரம் பற்றி எழுதினேன். பாதிப் பேர் படத்தை மட்டும் பாத்துட்டுப் போயிட்டீங்க, எனக்குத் தெரியும். இந்தத் தடவை படம் குறைவு, கணக்கு கொஞ்சம் உண்டு. பயப்படாதீங்க, எல்லாம் நம்ம ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். விஷயம் என்னன்னா, தலைக்குள் ஒளியை அனுப்பி, ஒருவர் மனதில் ‘ஆமாம்’ சொல்கிறாரா ‘இல்லை’ சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கும் கருவி. அது எங்க வீட்டு விஷயத்திலிருந்து ஆரம்பிக்குது.

இரண்டு வருடத்துக்கு முன்னாடி எங்க அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு அத்தை ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆமாம்னா கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கணும். இல்லைன்னா சும்மா இருக்கணும். கஞ்சி வேணுமா, ஃபேன் போடவா, எல்லாம் இப்படித்தான் கேட்டோம். ஒரு நாள் திருப்பூரிலிருந்து சித்தப்பா வந்து, “எங்கூட வந்து இருக்கியாம்மா?”ன்னு கேட்டார். அப்பத்தா கண்ணை மூடித் திறந்துச்சு. மறுநாளே வேன் வைத்துக் கூட்டிப் போனார். நாலு மாதம் அங்கே இருந்துச்சு. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது அப்பத்தா சொன்ன முதல் சில வார்த்தைகளில் இதுவும் ஒன்று: “நா வர்றேன்னு சொல்லல. கண்ணு அரிச்சுச்சு.”

சித்தப்பா அழுதுட்டார். அவர் மேல் தப்பே இல்லை. நாங்க எல்லாரும்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். எங்க எல்லாருக்கும் அது ‘ஆமாம்’ மாதிரிதான் தெரிஞ்சது.

கண்ணையாவது சிமிட்ட முடிந்தது அப்பத்தாவுக்கு. அதுவும் முடியாதவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஏ.எல்.எஸ். என்று ஒரு நரம்பு நோய். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்தது இந்த நோய்தான். 2018ல் இறக்கும் வரை கன்னத்துத் தசையின் சின்ன அசைவை வைத்தே அவர் கணினியை இயக்கினார். அந்தக் கன்னமும் அசையாமல் போனால்? சில நோயாளிகளுக்குக் கடைசியில் கண்விழிகூட நகராது. ஆனால் காது கேட்கும், யோசிக்கவும் முடியும். வீட்டுக்குள் ஆள் இருக்கிறார், கதவு ஜன்னல் எல்லாம் வெளியே பூட்டியிருக்கிறது என்ற மாதிரி. அவர்களிடம் ‘ஆமாமா, இல்லையா’ என்று கேட்பது எப்படி? அதற்கான வழிகளில் ஒன்றுதான் இந்த ஒளிக் கருவி.

முதலில் ஒரு சோதனை செய்யுங்க. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு செல்போன் டார்ச் மேல் விரலை வையுங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். டார்ச் வெள்ளைதானே? அந்த வெள்ளையில் இருக்கிற நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வருகிறது. சிவப்பையும் தாண்டி, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டு, அகச்சிவப்பு. டிவி ரிமோட்டின் முனையைப் போனின் முன்பக்கக் கேமராவுக்கு எதிரே காட்டி பட்டனை அமுக்கிப் பாருங்க, கேமராவில் மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதுதான். அதிலும் சிவப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிற பகுதியை அண்மை அகச்சிவப்பு என்கிறார்கள். சுமார் 700லிருந்து 900 நானோமீட்டர் அலைநீளம் வரை உள்ள ஒளி தோல், எலும்பு எல்லாவற்றையும் ஓரளவு கடந்து போகும். அதைவிட அலைநீளம் குறைந்தால் ரத்தம் விழுங்கிவிடும். கூடினால் உடம்பில் இருக்கிற தண்ணீர் விழுங்கிவிடும். நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது.

இந்த ஜன்னல் வழியாக மூளையைப் பார்க்கலாம் என்று 1977ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்ஸ் யோப்சிஸ் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். மாட்டு எலும்பு ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது சிவப்பு ஒளி அதன் வழியாக வந்ததாம். எலும்பையே தாண்டுகிறதே, மண்டை ஓட்டைத் தாண்டாதா என்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டிலிருந்துகூட ஆராய்ச்சி வரும்போல.

இன்னொன்று, இதன் தம்பி மாதிரி ஒரு கருவியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கொரோனா நேரத்தில் நர்ஸ் அக்கா வீடு வீடாக வந்து விரலில் கிளிப் மாட்டி 97, 98 என்று எழுதிக்கொண்டு போனாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தக் கிளிப்புக்குள் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு அகச்சிவப்பு விளக்கு. ஜப்பானில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1970களில் கண்டுபிடித்த முறை அது. விரலுக்குப் பதில் மூளை என்று வைத்துக்கொண்டால் நம் கருவி வந்துவிடும். சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம்.

ஒளி எண்ணத்தைப் பார்க்கிறதா? இல்லை. இதுதான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம். அது பார்ப்பது ரத்தத்தின் நிறத்தை மட்டும்தான்.

மூளை நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே சாப்பிடும். சேர்த்து வைக்கவும் தெரியாது. அதனால் மூளையில் ஒரு பகுதி வேலை செய்ய ஆரம்பித்தால் உடனே அங்கே ரத்தம் அதிகமாக ஓடி வரும். வேலை செய்தால் அந்த இடத்தில் ஆக்ஸிஜன் குறையணும்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது தலைகீழ். பந்தியில் நாலு பேர் சாம்பார் கேட்டால் வாளி வாளியாக வந்து நிற்குமே, அதே மாதிரி, செலவாவதைவிட வந்து சேர்வது அதிகம். அதனால் ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் கூடுகிறது, ஆக்ஸிஜன் இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் குறைகிறது. இது உடனே நடக்காது. ஒன்றிரண்டு நொடி கழித்து ஆரம்பித்து, ஐந்தாறு நொடியில் உச்சிக்குப் போய், அப்புறம் மெதுவாக இறங்கும். மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்கிற ஈ.ஈ.ஜி. கருவி நொடிக்குள் மாறுவதைக் காட்டிவிடும். ஒளிக் கருவி அவ்வளவு வேகம் கிடையாது. ஒரு ‘ஆமாம்’ சொல்ல ஒரு நிமிடத்தில் பாதிகூட ஆகலாம்.

கருவியை மாட்டுவது எப்படி? தலையில் ஒரு தொப்பி. அதில் ஒளி அனுப்பும் முனைகளும் ஒளி வாங்கும் முனைகளும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சுமார் 3 சென்டிமீட்டர். உள்ளே போகிற ஒளி முட்டி மோதி சிதறி, அதில் கொஞ்சம் வாழைப்பழம் மாதிரி வளைந்து பக்கத்து முனைக்கு வந்து சேரும். அனுப்பியதில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் திரும்பி வராது. ஆழமாகவும் போகாது, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர்தான். மூளையின் மேல் தோலை மட்டும் தடவிவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடர்த்தியான கறுப்பு முடி இருந்தால் ஒளியை முடியே விழுங்கிவிடும். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்ட நம்ம வகுப்புப் பெண்கள் யாரும் இந்தத் தொப்பிக்கு லாயக்கில்லை! முடியை வகிடு வகிடாக ஒதுக்கிவிட்டுத்தான் மாட்டுவார்கள். அதனாலேயே நிறைய ஆராய்ச்சிகள் முடி இல்லாத நெற்றியில் நடக்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி மனக்கணக்குப் போடும்போது வேலை செய்யும் என்பது அவர்களுக்கு வசதி.

இனி கணக்கு. தெரிய வேண்டியது இரண்டு: ஆக்ஸிஜன் உள்ள ஹீமோகுளோபின் எவ்வளவு மாறியது (அதை x என்போம்), இல்லாத ஹீமோகுளோபின் எவ்வளவு மாறியது (y). தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேணும் என்று கணக்கு சார் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால் இரண்டு அலைநீள ஒளி. உதாரணத்துக்கு 760 நானோமீட்டரும் 850 நானோமீட்டரும். 760 ஒளியை ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபின் அதிகம் விழுங்கும். 850 ஒளியை ஆக்ஸிஜன் உள்ளது அதிகம் விழுங்கும். எண்களை நம் வசதிக்கு முழு எண்ணாக்கினால் இப்படி இருக்கும்:

760 ஒளியில் குறைந்தது = x + 3y
850 ஒளியில் குறைந்தது = 2x + y

இப்போது ஒருவருடைய மூளையில் அளந்தபோது முதலாவது 0, இரண்டாவது 5 என்று வருகிறது. தீர்த்துப் பாருங்கள். x = 3, y = –1. அதாவது ஆக்ஸிஜன் உள்ளது கூடியிருக்கிறது, இல்லாதது குறைந்திருக்கிறது. மூளையின் அந்தப் பகுதி வேலை செய்கிறது! 760 ஒளியை மட்டும் நம்பியிருந்தால் ‘0, ஒன்றுமே நடக்கவில்லை’ என்று எழுதியிருப்போம். நேரியல் சமன்பாடு எதுக்குப் பயன்படும்னு போன வாரம் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்துச்சே, அதுக்குப் பதில் இது.

இதில் ஒரு திருத்தமும் உண்டு. ஒளி நேராகப் போகாமல் முட்டி மோதிப் போவதால் அது நடக்கிற தூரம் 3 சென்டிமீட்டர் அல்ல. திருவிழாக் கூட்டத்தில் தேரடியிலிருந்து குளத்துக்குப் போவது மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும். பெரியவர்கள் தலையில் நேர்த் தூரத்தைப் போல் சுமார் ஆறு மடங்கு நடக்கிறது. லண்டனில் டேவிட் டெல்பி குழுவினர் 1988ல் இதைக் கணக்கில் சேர்த்து சூத்திரத்தைத் திருத்தினார்கள்.

x, y கிடைத்துவிட்டது, அவ்வளவுதானா? இல்லை. உண்மையான தொல்லை இனிமேல்தான். x என்பது மூளை வேலை செய்வதால் மட்டும் மாறுவதில்லை. இதயம் துடித்தால் மாறும், நொடிக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேலே. மூச்சு விட்டால் மாறும், நாலு நொடிக்கு ஒரு தடவை. தொப்பி கொஞ்சம் கொஞ்சமாக நழுவினால் பல நிமிடங்களுக்கு மெதுவாக ஒரு பக்கம் சாயும். இருமினால் திடீர் என்று ஒரு குதி குதிக்கும். இந்தக் கூட்டத்துக்குள் மூளையின் ‘ஆமாம்’ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

நம்ம கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடைப் பக்கம் அளவுக் கல் இருக்கிறது இல்லையா? மேல் கண்மாயிலிருந்து தண்ணீர் வருகிறதா என்று அந்தக் கல்லைப் பார்த்துச் சொல்லணும். ஆனால் காத்தடித்து அலை அடிக்கிறது, எருமை இறங்குகிறது, கல்லில் தண்ணி மேலே கீழே ஆடுகிறது. அந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துச் சொன்னால் தப்பாகும். அடுத்தடுத்துப் பத்துத் தடவை பார்த்து சராசரி எடுத்தால் அலை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், உண்மையான மட்டம் நிற்கும். வெயிலில் நாள் கணக்கில் வற்றுவதையும் தனியாகக் கழித்துவிட்டால் புதுத் தண்ணீர் வந்தது மட்டும் தெரியும். இதைத்தான் கணினியும் செய்கிறது. நோயாளியை 10 நொடி மனக்கணக்குப் போடச் சொல்லி 10 நொடி ஓய்வு கொடுத்தால், நாம் தேடும் ஏற்ற இறக்கம் 20 நொடிக்கு ஒரு தடவை வரும். அதைவிட மிக வேகமாக ஆடுவதை (இதயம், மூச்சு) வடிகட்டு. மிக மெதுவாகச் சாய்வதையும் வடிகட்டு. நடுவில் இருப்பதை மட்டும் வை. காபி வடிகட்டி மாதிரி இல்லை, இரண்டு சல்லடை மாதிரி: ஒன்றில் கல் நிற்கும், ஒன்றில் தூசி இறங்கும், நடுவில் அரிசி.

ஆனால் அரிசி அளவிலேயே கல் இருந்தால்? இருக்கிறது! நம் ரத்த அழுத்தம் தானாகவே சுமார் 10 நொடிக்கு ஒரு தடவை லேசாக ஏறி இறங்கும். மேயர் அலை என்று பெயர். அது நாம் தேடுகிற வேகத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால் எந்தச் சல்லடையிலும் முழுசாகச் சிக்காது. இன்னொரு சிக்கல், ஒளி மூளைக்குப் போகும்போதும் வரும்போதும் தலைத் தோலைத் தாண்டித்தான் ஆகணும். தோலிலும் ரத்தம் ஓடுகிறது. வெட்கப்பட்டாலோ பதற்றப்பட்டாலோ முகம் சிவக்குமே, அந்த ரத்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். “கணக்குப் போடு” என்றதும் சிலருக்குப் பதற்றம்தான் முதலில் வரும். அப்போது கருவி காட்டுவது மூளையையா, பதற்றத்தையா?

இதற்கு ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ரேஷன் கடையில் சாக்கோடு அரிசியை எடை போட்டால் சாக்கு எடையைத் தனியாகப் போட்டுக் கழிப்பாங்க. அதே வேலைதான். 3 சென்டிமீட்டர் தள்ளி ஒரு முனை வைத்ததோடு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இன்னொரு முனையும் வைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் முனைக்கு வரும் ஒளி தோலோடு திரும்பிவிடும், மூளைக்குப் போகாது. அது சாக்கு. தூரத்து முனையில் வருவது சாக்கும் அரிசியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூளை. மேயர் அலையிலும் பெரும் பங்கு சாக்கோடு போய்விடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கணினி முடிவு சொல்லும். முதலில் விடை தெரிந்த கேள்விகளாகக் கேட்டுப் பழக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் x சராசரியாக எவ்வளவு, எவ்வளவு வேகமாக ஏறியது என்று குறித்து, ‘ஆமாம்’ புள்ளிகள் ஒரு பக்கம் ‘இல்லை’ புள்ளிகள் ஒரு பக்கம் வருகிற மாதிரி நடுவில் ஒரு கோடு போடும். நம்ம கிராஃப் தாளில் போடுகிற கோடுதான். புதுப் புள்ளி கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் பதில்.

2004ல் அயர்லாந்தில் ஷர்லி காயில் குழுவினர், கையில் ஒரு மெத்துப் பந்தை அமுக்குவதாக மனதில் நினைத்தாலே போதும், ஒளியில் மாற்றம் தெரிகிறது, இதை வைத்துக் கருவி செய்யலாம் என்று எழுதினார்கள். ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் பங்கோடு ‘கொகோரோ கதாரி’ என்ற கருவியே வந்தது. ‘மனம் பேசுவது’ என்று அர்த்தம் சொல்லலாம். ‘ஆமாம்’ என்றால் மனதுக்குள் வேகமாகக் கணக்குப் போடணும் அல்லது பாட்டுப் பாடணும், ‘இல்லை’ என்றால் அமைதியாக இருக்கணும். 2007ல் வெளியான அவர்கள் ஆய்வில், ஒன்றுமே அசையாத நோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேரிடம்தான் பதில் வாங்க முடிந்தது. அவர்களிடமும் சுமார் 80 சதவீதம்தான் சரி. இதைக் குறைவு என்று நினைக்காதீங்க. வீட்டில் யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் பேசாமல் கிடந்து, ஐந்து கேள்விக்கு நாலு சரியாகப் பதில் சொன்னால் எப்படி இருக்கும்! நான் அதைப் படித்தபோது அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

அதே சமயம், ‘இல்லை’ என்றால் அமைதியாக இருக்கணும் என்ற இடத்தில் எனக்குத் திக்கென்றது. எங்க அத்தை சொல்லிக்கொடுத்ததும் அதுதானே? தூங்கிவிட்டாலும் ‘இல்லை’தான். கேள்வி காதில் விழாவிட்டாலும் ‘இல்லை’தான். வேறு ஏதோ பாட்டு மனதில் ஓடினால் ‘ஆமாம்’.

இப்போது சொல்லப்போவது உண்மையில் நடந்தது. 2017ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு குழு ‘பிளாஸ் பயாலஜி’ என்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கண்விழிகூட அசையாத நான்கு நோயாளிகளிடம் இந்த ஒளி முறையில் கேள்வி கேட்டதில் சுமார் 70 சதவீதம் சரியான பதில் கிடைத்தது என்றார்கள். உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அதில் ஒரு அப்பாவிடம், அவர் மகள் தன் காதலனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார்களாம். பத்துத் தடவை கேட்டதில் ஒன்பது தடவை ‘இல்லை’ வந்ததாம்.

பிறகு இன்னொரு ஆராய்ச்சியாளர் அதே பதிவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். ‘ஆமாம்’ பதிவுக்கும் ‘இல்லை’ பதிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று எழுதினார். விசாரணை நடந்தது. எழுதியவர்கள் தங்கள் முடிவு சரிதான் என்றார்கள். ஆனால் 2019 கடைசியில் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் குழுவில் சிலர் வேறு சிலரோடு சேர்ந்து 2022ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஒளி இல்லை, அறுவை சிகிச்சை செய்து மூளையில் மின்முனை வைத்தார்கள். ஒரு நோயாளி எழுத்து எழுத்தாகச் சொல்லித் தன் சின்ன மகனுக்கு அன்பைத் தெரிவித்தார். வழி இல்லாமல் இல்லை.

ஆனால் எனக்கு அந்தக் கல்யாண விஷயம் மனசை விட்டுப் போகவே இல்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னது அந்த அப்பாவா, இல்லை கணினியா? பத்துக்கு ஒன்பது என்றால் உறுதியாகச் சொன்ன மாதிரிதான் தெரியுது. ஆனால் கோடு கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளிப் போட்டிருந்தால், “இன்னைக்கு சூரியன் உதிச்சுச்சா?” என்று கேட்டாலும் பத்துக்கு ஒன்பது ‘இல்லை’ வருமே! ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டால்தான் தெரியும். “சம்மதமா?” என்று ஒரு தடவை, “சம்மதம் இல்லையா?” என்று ஒரு தடவை. இரண்டுக்கும் ‘இல்லை’ வந்தால் அது மனுஷன் பதில் இல்லை.

அப்புறம் அந்த 70 சதவீதம். இதைப் பார்க்க வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். அன்று வந்திருந்த 36 பேரும் ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினோம். தலை விழுந்தால் ‘சரியான பதில்’ என்று வைத்துக்கொண்டோம். நாணயத்துக்கு மூளை கிடையாது. இருந்தும் 7 பேருக்குப் பத்தில் ஏழோ அதற்கு மேலோ வந்தது! அதாவது 70 சதவீதம் சரி. ஒருத்திக்கு எட்டு வந்து, அவள் நாணயத்துக்கு அறிவு இருக்கிறது என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கணக்கு சார் நிகழ்தகவு போட்டுக் காட்டினார்: பத்துத் தடவை சுண்டினால் மொத்தம் 1024 விதமாக விழலாம், அதில் 176 விதத்தில் ஏழுக்குக் குறையாமல் தலை வரும். நூற்றுக்கு 17. ஆனால் நூறு தடவை சுண்டி எழுபது தலை வரணும் என்றால் அது பத்தாயிரத்தில் ஒருவருக்குக்கூட நடக்காது. எங்கள் 36 பேர் கணக்கையும் கூட்டினால் 360க்கு 183 தலை, பாதிக்குப் பக்கம். அதனால் ‘70 சதவீதம் சரி’ என்று யாராவது சொன்னால், எத்தனை கேள்வியில் என்று கேட்கணும்.

இன்னொன்றும் கேட்கணும். கோடு போடப் பயன்படுத்திய அதே கேள்விகளை வைத்தே மார்க் போட்டார்களா என்று. கேள்வித்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதினால் யாரும்தான் முதல் ரேங்க். பழக்கிய கேள்வி வேறு, சோதிக்கும் கேள்வி வேறாக இருக்கணும்.

சல்லடை, சாக்கு, சமன்பாடு எல்லாம் சரியாக இருந்தும், இந்த இரண்டு கேள்வியைக் கேட்காமல் விட்டால் பேச முடியாத ஒருவர் வாயில் நாம் வார்த்தையைத் திணித்துவிடுவோம். அவரால் “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று மறுக்கவும் முடியாது. எங்க அப்பத்தாவுக்காவது நாலு மாதம் கழித்துப் பேச்சு வந்தது.

அப்பத்தா இப்போ எங்க வீட்டிலதான் இருக்கு. பேச்சு கோர்வையாக வராது, ஆனால் புரியும். இந்தக் கட்டுரைக்காக அதனிடமும் சோதனை செய்தேன். “காபி வேணுமா?”ன்னு கேட்டேன், தலையாட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, “காபி வேண்டாமா?”ன்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பாத்துட்டு, இடது கையால தம்ளரைத் தட்டிக் காட்டுச்சு.

நாணயக் கணக்கு எழுதிய நோட்டை இந்தத் தாளுக்குக் கீழே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பினர் பத்துத் தடவை சுண்டி, வந்தது வந்தபடி எழுதுங்க. ஏழு வரும்வரை திரும்பத் திரும்பச் சுண்டிவிட்டு எழுதக் கூடாது. பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்க, போன தடவை இரண்டு பேனா காணாமல் போச்சு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி